பெரும்பொழுதும் சிறுபிள்ளைகளும்

மழலையர் வகுப்புகளின் சுவரில் தொங்கும் பருவகாலப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதை வரைந்தவர் தரங்கம்பாடிப் பக்கம் ஒருநாளும் வந்திருக்க மாட்டார் என்ற எண்ணமே எனக்கு முதலில் எழும். ஒரு கட்டத்தில் பூத்துக் குலுங்கும் மரம். ஒன்றில் குடையும் வெயிலும். ஒன்றில் சிவந்த சருகுகளை உதிர்க்கும் மரம். இன்னொன்றில் பனியை உருட்டிச் செய்த மனிதன், அவனுக்குக் காரட் மூக்கு. மீன்பெட்டியில் உடைத்துப் போடும் ஐஸைத் தவிர வேறு உறைபனி எதையும் கண்டிராத குழந்தைகள், அலையோசை கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த நான்கு பெயர்களையும் ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். சில படங்களில் மழைக்கென்று ஐந்தாவதாக ஒரு கட்டம் கருணையோடு சேர்க்கப்பட்டிருப்பதும் உண்டு. ஆனால் அதிலும் மழை ஜூன் மாதத்தில்தான் பெய்கிறது. நம் கரையிலோ ஜூன் என்பது புழுதி பறக்கும் மாதம்.

நம்முடைய பழைய இலக்கணகாரர்கள் இந்த விஷயத்தில் இன்னும் சற்று யோசனையோடு நடந்துகொண்டார்கள். தொல்காப்பியர் கண்ட ஆறு பெரும்பொழுதுகளின் வரிசை காரில் தொடங்குகிறது. வருஷம் வெயிலிலே பிறக்காமல் மழையிலே பிறக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று உரைகாரர்கள் மாதங்களைப் பங்கிட்டார்கள். இந்தப் பங்கீடும் சோழ தேசத்துக் கடற்கரைக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறதென்று சொல்லிவிட முடியாது. தென்மேற்குப் பருவத்து மழை குடகிலும் மேற்கு மலைத்தொடரிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்கு ஆற்றின் வழியாக வந்து சேர்கிறது. நமக்கே உரிய மழை கூதிர்க்காலத்தில் கடலிலிருந்து புறப்பட்டு வருகிறது. ஆகவே காவிரியின் கடைமடையில் வளரும் பிள்ளைக்கு வருஷத்தில் இரண்டு மழை: ஒன்று எங்கோ பெய்து காலடிக்கு வருவது, மற்றொன்று தலைமேல் விழுவது. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் நின்று அனுபவிக்கும் பாக்கியம் வாய்த்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல், காரட் மூக்கைக் காட்டிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

முதல் மழை ஆற்றோடு வருவதைச் சொல்கிறேன். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12ஆம் தேதியைத் தண்ணீர் திறக்கும் நாளாகக் கொள்வது வழக்கமாயிற்று; அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போவதும் வழக்கமாயிற்று. திறந்துவிட்ட நீர் முக்கொம்பையும் கல்லணையையும் கடந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, மதகு மதகாகப் பங்கு கொடுத்துவிட்டு, பொறையாறு, தில்லையாடிப் பக்கம் வந்து சேரும்போது, பந்தியில் கடைசி இலைக்கு வரும் பாயசம் போலத்தான் வரும். சில வருஷம் வராமலே போவதும் உண்டு. வரும் வருஷத்தில், வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் புதுத்தண்ணீர் முதன்முதல் நுழைவதை ஒரு குழந்தையோடு நின்று பார்த்தவர்களுக்கு, அதைக் காட்டிலும் பெரிய காட்சி எதுவும் சுற்றுலாத் தலங்களில் கிடைக்கப் போவதில்லை. அது பாய்ந்து வருவதில்லை. சருகையும் வைக்கோலையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, ஊர்ந்து வந்து, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி, அதை நிரப்பிவிட்டே அடுத்த அடி வைக்கிறது. வெடிப்புக்குள் குடியிருந்த எறும்பும் பூரானும் சில்வண்டும் பதறி வெளியே வருகின்றன. அந்தச் செய்தி எப்படித்தான் எட்டியதோ, மைனாவும் கொக்கும் கரையில் வந்து காத்திருக்கின்றன. நாலு வயதுப் பிள்ளையின் நடைக்கும் அந்த நீரின் நடைக்கும் வேகம் ஒன்றே. 

“தாத்தா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?” என்று பேத்தி கேட்டாள்.

“குடகு மலையிலேருந்து வருது, கண்ணு.”

“நடந்தேவா?”

நடந்தேதான் வருகிறது என்று சொன்னேன். பூகோள சாஸ்திரம் அதற்கு மேல் எதைச் சொல்லிவிடப் போகிறது?

ஆடி பதினெட்டாம் நாள் அந்த நீருக்கு மரியாதை செய்யும் முறையிலும் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கை நம் முன்னோர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் காதோலையும் கருகமணியும் பழமும் வைத்துப் படைக்கும்போது, சிறுவர்கள் மரச்சக்கரம் பூட்டிய சிறு சப்பரத்தைக் கயிறு கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்துச் செல்வது தஞ்சைச் சீமையின் வழக்கம். சப்பரம் கடைக்குக் கடை தொங்கிய காலம் போய்விட்டது. எனினும் தச்சுவேலை தெரிந்தவர் தெருவில் ஒருவர் இருந்தால் இன்றும் அது உருளும்.

ஆனியிலும் ஆடியிலும் நீர் வருவதற்கு முன்பே காற்று வந்துவிடுகிறது. மேற்கேயிருந்து வீசும் கச்சான், காய்ந்த வயல்களின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு கடலை நோக்கி ஓடும். பிற்பகலில் நிலம் நன்றாகச் சூடேறி, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்பிய பிறகு, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புறப்படும். கச்சான் பலத்திருக்கும் நாட்களில் கடற்காற்று கரைக்கு ஏற முடியாமல் வெகுநேரம் தவிக்கும். இதைப் பாடமாகச் சொன்னால் எந்தக் குழந்தையும் கேட்காது. பனையோலையில் ஒரு காற்றாடி கிழித்து, கருவேல முள்ளைக் குத்தி, கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். மேற்கே பார்த்துச் சுழன்றுகொண்டிருந்த காற்றாடி ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிடும். பிள்ளை அதைக் கிழக்கே திருப்பியதும் மறுபடி சுழலத் தொடங்கும். இரண்டு காற்றுகள் கைமாறுகிற அந்தக் கணத்தைத் தன் கையினாலேயே கண்டுபிடித்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் பௌதிகம் பயமுறுத்தாது. தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் மிகுந்திருப்பதாக வெளியூரார்க்கு ஒரு பெருமை சொல்லப்படுவது உண்டு; தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதே விஞ்ஞானம் சொல்வதாகையால், அந்தப் பெருமையை நாம் விட்டுக்கொடுத்துவிடலாம். உப்பும் கருவாடும் மணக்கிற காற்று நமக்குப் போதும்.

பருவத்தைக் குழந்தைக்குக் கற்பிக்க ஒரே ஒரு உபாத்தியாயரை நியமிக்கச் சொன்னால், நான் பனைமரத்தைத்தான் நியமிப்பேன். வேறு எந்த மரமும் வருஷம் முழுவதும் இப்படி வெவ்வேறு முகம் காட்டிப் பிள்ளைகளை அழைப்பதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் நுங்கு. மூன்று கண்ணையும் கட்டை விரலால் நோண்டி உறிஞ்சிய பிறகு, மிஞ்சிய கூந்தல்கள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. ஆவணியில் பனம்பழம், இரவில் தொப்பென்று விழும் சத்தம் கேட்டவுடன் படுக்கையிலிருந்தே “நான்தான் முதல்ல கேட்டேன்” என்று உரிமை கொண்டாடுவார்கள், விடியுமுன் ஓடி எடுத்து வந்து சுட்டுத் தின்றால், மஞ்சள் நார் பல்லிடுக்கில் நாள் முழுக்க இருக்கும். கார்த்திகைக்குப் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி மட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்துச் சுழற்றினால் மாவளி. இருட்டில் பொறிகள் வட்டம் வட்டமாகச் சிதறும். 

ஆனால் இவையனைத்தினும் மேலானது, சாப்பிட்ட பழத்தின் கொட்டையைப் புதைப்பது. கொல்லையில் மணலை மேடாகக் குவித்து, கொட்டைகளை அதன்மேல் நெருக்கமாக அடுக்கி, மேலே கொஞ்சம் மண்ணும் சருகும் தூவிவிட்டால், அவை தாமே முளைவிட்டு, முளையை மேலே விடாமல் கீழே இறக்குகின்றன. ஆவணியில் புதைத்ததைப் பொங்கலுக்குத்தான் தோண்டலாம். சிறு பிள்ளைக்கு அந்த இடைவெளி யுகம் போன்றது. முதல் வாரம் நாள்தோறும் போய்ப் பார்ப்பான், ஒரு கொட்டையைத் திருட்டுத்தனமாகப் புரட்டியும் பார்ப்பான், பிறகு மறந்துவிடுவான். அடைமழை வந்து மேடு கரைகிறபோது திடீரென்று ஞாபகம் வந்து குடையோடு ஓடுவான். தை பிறந்து, மண்வெட்டி இறங்கி, வெள்ளைக் கிழங்கு ஒவ்வொன்றாக வெளிவருகிறபோது அவன் முகத்தில் தோன்றும் ஆச்சரியத்தில், கிழங்கைப் பற்றியது பாதிதான். மீதிப் பாதி, தான் தூங்கியும் விளையாடியும் மறந்தும் இருந்த காலமெல்லாம் மண்ணுக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்பதைப் பற்றியது. முளைவிட்ட கொட்டையை வெட்டினால், உள்ளே வெண்பஞ்சு போல் இனிக்கும் பருப்பும் அவனுக்கே.

பனையைப் பற்றிப் பேசுகையில் இவ்வூருக்கே உரிய ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அக்காலத்தில் அவர்கள் படையில் லெப்டினென்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791 நவம்பரில், குளக்கரைப் பனை ஒன்றின் ஈரமான பிளவில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், மேலே ஏற முயன்றுகொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதி அனுப்பினார். லண்டனிலுள்ள லின்னேயன் சங்கம் 1797இல் அதை அச்சிட்டது. நாம் பனையேறிக் கெண்டை என்று அழைக்கும் மீன்தான் அது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும், செவுள் மூடியின் ஓரத்தில் தரையைப் பற்றிக்கொள்ள முட்களும் இருப்பதால், மழை நாட்களில் ஒரு குட்டையை விட்டு வரப்பின் மேலேறி அடுத்த குட்டைக்குத் தத்திச் செல்ல அதனால் முடியும். மரம் ஏறுகிறது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் நம்பவில்லை. காக்கையோ பருந்தோ கவ்விச் சென்று மரத்தில் தவறவிட்டிருக்கும் என்றார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஐப்பசி மழையில் வரப்பின்மேல் அது நடப்பதை மட்டும் இப்பகுதிப் பிள்ளைகள் பரம்பரையாக அறிவார்கள்.

டால்டார்ஃபின் காலத்திலேயே, 1771இல் இங்கே வந்து 1813இல் இங்கேயே மறைந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், கரைக்கு வந்த மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினிலிருந்த பிளாக் என்ற மீனியல் பண்டிதருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கத்தாளை மீன்களில் ஒரு வகைக்கு அந்தப் பண்டிதர் ஜானின் பெயரையே சூட்டினார். அவ்வகையைச் சேர்ந்த கறுத்த கத்தாளைக்கு, நம் கரையார் வழங்கிய ‘கறுத்த’ என்ற சொல்லே விஞ்ஞானப் பெயருக்குள் ஏறி இன்றும் இருக்கிறது. இதே ஜான்தான் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். பதினைந்து தமிழ்ப் பள்ளிகளும் ஐந்து ஆங்கிலப் பள்ளிகளும் நடந்த விவரத்தை அவர் எழுதியது 1813இல் லண்டனில் அச்சாயிற்று. மீன் பார்த்த கண்ணோடே பள்ளிக்கூடமும் நடத்தியவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். கத்தாளையின் தலைக்குள் வெள்ளையாக இரண்டு கல் இருக்கும். குழம்பில் வெந்த தலையைப் பிரித்து, அந்தக் கல்லை எடுத்துக் கழுவி, தீப்பெட்டியில் சேர்த்து வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. ஜான் பாதிரியார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

இனி இரண்டாவது மழை. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வாடைக்காற்று திரும்பியதும், பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டாரா என்பதே கேள்வி. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே அனுகூலம், விடுமுறை விடத் தங்களுக்கென்று தனியாக ஒரு கலெக்டர் கிடைத்தார் என்பதுதான். விடுமுறை கிடைக்கிறது, மழைதான் கிடைப்பதில்லை. ஜன்னலைச் சாத்தி, ஸ்வெட்டர் மாட்டி, கையில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் அப்படிச் செய்வதே விவேகம். மின்னல் வெட்டும் நேரத்திலும் அதுவே சரி. ஆனால் அமைதியாகச் சோவென்று பெய்யும் அடைமழை நாட்கள் எத்தனையோ உண்டே! சளி பிடிப்பது கிருமியால். நனைவதால் மட்டும் அல்ல. வீதியில் ஓடும் நீரில் காகிதக் கப்பல் விட்டு, அது எந்தச் சந்தில் திரும்பி எந்த வாய்க்காலில் சேர்கிறதென்று பின்தொடர்ந்தால், பிள்ளை தன் ஊரின் மேடு பள்ளத்தை ஒரே மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறான். மழை வெறித்த சாயங்காலம் ஈசல் புறப்படும். விளக்கைச் சுற்றிவிட்டு இறகை உதிர்த்துவிட்டு ஜோடி ஜோடியாக ஒன்றன்பின் ஒன்று ஓடும். இரவெல்லாம் தவளைக் கச்சேரி. ஒரு தவளை நிறுத்தினால் எல்லாம் நிறுத்துவதும், ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் ஆரம்பிப்பதும் ஏன் என்று கேட்டான் பேரன். “நீங்க வகுப்பிலே செய்யறது போலத்தான்டா” என்றேன். உண்மையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

மார்கழி வந்ததும் சம்பா வயல்களின்மேல் பனி இறங்குகிறது. விடிகாலையில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பறங்கிப்பூ உட்கார்கிறது. இந்த மாதத்தைப் பற்றி அழகாக மட்டும் பேசிவிட்டுப் போக இவ்வூரில் எவராலும் முடியாது. 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இதே கடல் ஊருக்குள் வந்தது. போனவர்களில் குழந்தைகள் அநேகம். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள், கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களைக் காட்டி, “இதை எதுக்குப் போட்டிருக்காங்க?” என்று கேட்கிறார்கள். கடலைத் தாயென்று மட்டும் சொல்லி வளர்ப்பதும் பொய். பூதமென்று சொல்லி வளர்ப்பதும் பொய். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருப்பதைப் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கிறார்கள். கடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதற்கும் வருகையும் போக்கும் உண்டு, நீர் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், இயற்கையை ரசிக்கக் கற்றுக்கொடுப்பதில் ஒரு பங்குதான். ரசனையையும் எச்சரிக்கையையும் வேறு வேறு வகுப்பாக நடத்துவது பட்டணத்துப் பழக்கம். கடற்கரையில் அது செல்லாது.

மாசியில் கடல் சற்றுத் தணிகிறது. அப்போதுதான், படத்தில் கண்ட அந்தச் சிவந்த சருகு எங்கள் ஊருக்கும் வருகிறது: நாட்டு வாதுமை மரங்கள் ஒரேயடியாகச் செம்பு நிறம் கொண்டு உதிர்ந்து, மரம் வெறுமையாகி, சில நாட்களிலேயே கிளை நுனிகளில் பச்சைத் துளிர் விடுகின்றன. இலையுதிர்வுக்கும் வசந்தத்துக்கும் நடுவே இங்கே பனிமனிதன் நிற்க இடமே இல்லை. இதே மாதங்களில் ஆமைகள் இரவில் கரையேறிக் குழி தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுத் திரும்புகின்றன. மீனவர் அவற்றைப் பங்குனி ஆமை என்றே மாதப் பெயரால் வழங்குகிறார்கள். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துக் கடலோரப் பொரிப்பகங்களில் புதைத்து வைத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மணல் சூடாக இருந்தால் பெண்ணும், குளிர்ச்சியாக இருந்தால் ஆணும் மிகுதியாகப் பிறக்கும். உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சு, இருட்டில் கடலின்மேல் தெரியும் வெளிச்சத்தைக் குறியாக வைத்து நடக்கிறது. கரையிலுள்ள விளக்குகள் அதை ஊர்ப்பக்கம் இழுத்துவிடும். “அப்ப நம்ம லைட்டை அணைச்சிடலாம்” என்று ஐந்து வயதில் ஒரு பிள்ளை சொல்வதற்கு எந்தச் சுற்றுச்சூழல் பாடமும் தேவைப்படவில்லை.

ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க அம்மையார், தம் சகோதரி மகளின் சிறு பையனை மேயின் கடற்கரையில் இரவிலும் மழையிலும் அழைத்துத் திரிந்ததைப் பற்றி 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். பெயர்களைச் சொல்லிக் கொடுப்பதைவிட உணரச் செய்வதே முக்கியம் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் பாதி சம்மதம். நம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே நாற்பது மீனின் பெயரை அறிந்திருக்கிறார்கள். அதனால் அவர்கள் வியப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பெயர் குற்றமற்றது. அவசரம்தான் குற்றம். லீவு விட்டதும் காரில் ஏற்றி, ஊட்டியில் ஒரு நாள், கொடைக்கானலில் ஒரு நாள், டேனிஷ் கோட்டை முன்னால் நின்று ஒரு போட்டோ என்று ஓடுகிறவர்கள் குழந்தைக்கு இடங்களைக் காட்டுகிறார்கள், பருவத்தைக் காட்டவில்லை. பருவம் இடம் மாறுவதனால் தெரிவதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதனால்தான் தெரிகிறது. அதற்கு ஒரு மதகோ, ஒரு குட்டையோ, தெருமுனையில் ஒரு வேப்ப மரமோ இருந்தால் போதும்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். வரும் ஆவணியில் சந்தையில் பனம்பழம் கண்டால் இரண்டு வாங்கி, சுட்டுத் தின்றபின் கொட்டைகளை எறிந்துவிடாமல் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையாலேயே புதைக்கச் செய்யுங்கள். கொல்லை இல்லாதவர்கள் மாடியிலுள்ள பழைய சிமெண்டுத் தொட்டியைப் பயன்படுத்தலாம். ஒரு முழ ஆழத்துக்கு மணல் இருந்தால் கிழங்கு இறங்கும். பொங்கலுக்கு முன்னால் மட்டும் தோண்ட வேண்டாம்.